பாப்பர் ஹர்ஜியும் பாம்படமும்

பாப்பர் ஹர்ஜி எழுதும்போது கடைசியில் ஒரு தபசில் சேர்க்க வேண்டும். மனுதாரருக்குச் சொந்தமான அசையும் பொருள், அசையாப் பொருள் எல்லாவற்றையும் அதில் மதிப்போடு எழுத வேண்டும். நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட தபசில்கள் பல என் கையெழுத்தில் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. அலுமினியச் சட்டி இரண்டு, மண்வெட்டி ஒன்று, ஓலைப்பாய் ஒன்று, ஆடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. எழுதுகிற எனக்கு எதிரே, அந்தச் சட்டிக்கும் பாய்க்கும் உரியவர் நின்றுகொண்டிருப்பார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். அது சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி. ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் என்பது இன்று எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்று. தாலுகா கோர்ட்டில் இலவச சட்ட உதவி என்று பலகையே தொங்குகிறது. அந்தப் பலகை வருவதற்கு எத்தனை காலம் ஆயிற்று, யார் யார் பாடுபட்டார்கள் என்பதை என் பகுதியிலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். என் ஊர் செங்கல். உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போக வேண்டும். கிழக்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கோர்ட்டில் மலையாளமும் இங்கிலீஷும்.

பாப்பர் ஹர்ஜியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த நாட்டுச் சட்டத்தில் ஏழைக்கென்று முதலில் திறந்த வாசல் அதுதான். 1859ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் 33ஆம் ஆணையாக இடம்பெற்றது. கோர்ட் பீஸ் கட்டப் போதிய வசதி இல்லாதவர் பீஸ் இல்லாமலே வழக்குத் தொடரலாம் என்பது அதன் சாரம். ஆனால் அந்த வாசலில் படிகள் அதிகம். மனுவை அவரே நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கோர்ட் அவரை விசாரிக்கும். எதிர்க்கட்சிக்கும் அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும். இந்த ஆள் உண்மையில் ஏழைதானா என்று அவர்கள் சாட்சி வைத்து எதிர்க்கலாம். மனு ஏற்கப்பட்டு வழக்கில் ஜெயித்தால், விட்டுக்கொடுத்த பீஸை அரசு அந்தச் சொத்தின் மேல் முதல் பாத்தியதையாக வசூலித்துக்கொள்ளும். தோற்றால், தோற்றவரே பீஸ் கட்ட வேண்டும் என்று உத்தரவாகும்.

அந்த விசாரணையில் அரசு செலவில் வந்த ஒரு வக்கீல் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் ஏழைக்காக வந்தவர் அல்லர். கோர்ட் பீஸ் வருமானம் குறைந்துவிடக் கூடாது என்று பார்க்க வந்தவர்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அத்தையை விளவங்கோடு தாலுகாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த காலத்தில் நடுவே எல்லை கிடையாது. இரு பக்கமும் திருவிதாங்கூர்தான். மாமா பனையேறி. பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அத்தையின் சீதனப் பணத்தில் வாங்கிய விளை ஒன்று இருந்தது. அது மாமாவின் தம்பிகள் கையில் நின்றது. அவர்களோ கொடுக்க மனமில்லாதவர்கள். அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முன்சிப் கோர்ட்டில் பாப்பர் ஹர்ஜி கொடுக்க வைத்தார். எந்தக் கோர்ட் என்பது இங்கே வேண்டாம். நான் அப்போது சிறுவன், கூடவே போயிருந்தேன்.

அத்தையின் காதில் பாம்படம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய பெண்கள் எல்லோருக்கும் இருந்ததுதான். வடித்த காதும், தோளைத் தொடுகிற தங்கமும். தபசிலில் பாம்படத்தை எழுதவில்லை. உடம்பின் ஒரு பகுதி போல் ஆகிவிட்ட ஒன்றைச் சொத்து என்று எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அத்தையின் காதைக் கையால் சுட்டிக் காட்டினார். அதை விற்றாலே பீஸுக்கு மேல் வரும் என்றார். எல்லோரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். மனு தள்ளுபடி ஆனது.

பிறகு பாம்படத்தை விற்றுத்தான் பீஸ் கட்டினார்கள். அதோடு செலவு முடியவில்லை. விளையின் முன்னாதாரம், அதாவது பழைய பத்திரம், மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, மக்கள் தமிழ்நாட்டுக்குப் போனார்கள், அவர்களுடைய ஆதாரங்கள் மலையாளத்திலேயே இருந்தன. அதைத் தமிழாக்கிக் கொடுக்க ஒருவருக்குக் காசு, வக்காலத்துக்குக் காசு, வாய்தாவுக்கு வாய்தா காசு. அத்தை ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் கேட்டாள்: “அண்ணே, பீஸ் கட்டியாச்சு. எனக்கு வேண்டி யாரு பேசுவா?”

அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் ராஜி ஆனது. பாதிக்கும் குறைவான நிலம் அத்தைக்கு வந்தது.

அத்தை கேட்ட கேள்விக்கு இங்கிலாந்தில் 1495லேயே, காகிதத்திலாவது, ஒரு பதில் இருந்தது. ஏழாம் ஹென்றி அரசரின் காலத்துச் சட்டம் ஒன்று, ஏழைக்குக் கட்டணம் இல்லாமல் வழக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அவருக்காகக் கூலி வாங்காமல் வாதாட வக்கீலையும் நீதிபதிகளே நியமிக்க வேண்டும் என்றது. அதாவது இரண்டு உதவிகள்: பீஸ் தள்ளுபடி, பேச ஓர் ஆள். இங்கே ஆள வந்தவர்கள் தங்கள் சட்டத்தை எழுதிக் கொடுத்தபோது முதல் பாதியை மட்டும் எழுதினார்கள். இரண்டாம் பாதி 33ஆம் ஆணைக்குள் வர 1976 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் 9ஏ விதி சேர்ந்தது: வக்கீல் இல்லாத வறியவருக்குக் கோர்ட் ஒரு வக்கீலை நியமிக்கலாம். அப்போது அத்தை உயிரோடு இல்லை.

எங்கள் பகுதியில் ஏழை கோர்ட்டுக்கு முன்னால் நிற்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் இன்றைய மாதிரியான கோர்ட்டுகளுக்கு அடித்தளம் போட்டவர் ரெசிடென்ட்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ. 1811ஐ ஒட்டி அவர் ஏற்படுத்திய ஜில்லா கோர்ட்டுகளில் இரண்டு எங்களுக்கு இரு பக்கமும் இருந்தன: ஒன்று பத்மநாபபுரம், மற்றது திருவனந்தபுரம். சட்டம் எல்லோருக்கும் என்றாலும், புலையரும் பறையரும் கோர்ட்டுக்குள் ஏற முடியாது. தூரத்தில் நிற்க வேண்டும். அவர்கள் சொல்வது உள்ளே இருப்பவர் காதில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான் சாட்சியம்.

அப்படிப்பட்ட இடத்தில் பேச ஆள் கிடைத்தது முதலில் மிஷனரிமார் வழியாக. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் பாதிரியார் சிறிது காலம் அரசின் சிவில் நீதிபதியாகவே இருந்தார். தோள்சீலைப் போராட்டத்தின் முதல் கட்டத்தில், 1823ல், சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பத்மநாபபுரம் கோர்ட் சொன்னதில் மிஷனரிகளின் முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று சிலர் இதைச் சமயப் பிரச்சாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரியிடம் போய்ப் பேசத் தெரிந்தவன் பக்கத்தில் நிற்கிறான் என்பது அன்று சாணார் குடும்பங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று, வாழ்நாள் முழுக்க மனு எழுதிய எனக்குத் தெரியும்.

ஆனால் நான் அதைவிட மேலாக மதிப்பது வெங்ஙானூரில் நடந்ததை. வெங்ஙானூர் எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊர். அய்யன்காளி பிறந்த மண். 1907ல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அவர், தம் மக்களுக்காக ஒரு சமுதாயக் கோர்ட்டையும் அங்கே நடத்தினார். அரசின் கோர்ட்டில் ஏற முடியாதவர்கள், ஏறினாலும் செலவு தாங்க முடியாதவர்கள், தங்கள் வழக்குகளை அங்கே கொண்டுபோனார்கள். இரு தரப்பையும் வரவழைத்து விசாரித்துத் தீர்ப்பு சொன்னார்கள். பீஸ் கட்டவும் தங்கத்தை விற்கவும் அவசியமில்லாத ஒரு கோர்ட்டை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கட்டி எழுப்பினார்.

உள்ளூர்த் தகராறுகளை அப்படித் தீர்க்கலாம். போலீஸ் கேஸ் என்றால் அரசின் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 1915ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கல்மாலை அறுத்தெறியும் போராட்டம் நடந்தது. கல்மாலை என்பது புலையப் பெண்கள் கழுத்தில் அணிந்தே ஆக வேண்டும் என்று சாதி விதித்திருந்த கல்மணி மாலை. அதைத் தொடர்ந்த கலவரத்தில் குடிசைகள் எரிந்தன. பலர் மேல் கிரிமினல் கேஸ் விழுந்தது. அவர்களுக்காக வாதாடியவர் இலஞ்ஞிக்கல் ஜான் என்ற வக்கீல். பீஸ் கொடுக்கப் பணமில்லாத அந்த மக்கள், அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுத்தார்கள் என்றும், அதுதான் கொல்லத்துக் கம்மான்குளம் என்றும் அங்கே சொல்லி வருகிறார்கள். மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் வக்கீல் பீஸை மண்வெட்டியாலேயே கட்டினார்கள். கம்மான்குளம் பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டது. கேரளத்தின் சட்ட உதவி வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் அந்தக் குளம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசு தன் பணத்தில் வக்கீல் வைத்துக் கொடுத்த முதல் இடம் தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்கு. செஷன்ஸ் கோர்ட்டில் கொலைக் கேஸில் நிற்பவனுக்கு வக்கீல் இல்லையென்றால் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும். ஸ்டேட் பிரீஃப் என்று சொல்வோம். பீஸ் மிகச் சொற்பம். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஜூனியர்களுக்குத்தான் அது போகும். கேஸ் கட்டு அவர்கள் கைக்கு வருவதே விசாரணை நெருங்கிய பிறகுதான். கட்டைப் பிரித்துப் பார்த்து, கலங்கிப்போய், இரவெல்லாம் உட்கார்ந்து படித்த ஜூனியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிரிக்காமலே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிர் போகிற கேஸ் இல்லையென்றால் அந்த ஸ்டேட் பிரீஃப்கூட அன்று இல்லை. 1898ஆம் ஆண்டுக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்து வாதாடலாம் என்றது. அதற்குப் பொருள், கையில் காசு இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். அரசு வக்கீல் தர வேண்டும் என்பது அதற்குப் பொருள் ஆகாது என்று 1951ல் தாராசிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1949ல், போரில் நொறுங்கிக் கிடந்த இங்கிலாந்து சட்ட உதவிக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வக்கீல் பீஸை அரசுக் கஜானாவிலிருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தது.

அதே 1949ல் இங்கேயும் இரண்டு குழுக்கள் உட்கார்ந்தன. பம்பாயில் நீதிபதி என். எச். பகவதி தலைமையில் ஒன்று, மேற்கு வங்காளத்தில் சர் ஆர்தர் டிரெவர் ஹாரிஸ் தலைமையில் ஒன்று. இரண்டும் நல்ல அறிக்கைகள் கொடுத்தன. செலவு தாங்காது என்ற காரணத்தில் இரண்டும் பெட்டிக்குள் போயின.

இந்த நிலையில்தான் 1957 வந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடின் அமைச்சரவை பதவியேற்றது. ஏப்ரல் 11ஆம் தேதியே குடியிருப்பிலிருந்தும் குத்தகை நிலத்திலிருந்தும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்தது. ஊரில் பலருக்கு அந்த ஒன்று நினைவிருக்கும். அதே அரசு கொண்டுவந்த இன்னொன்று அவ்வளவாக நினைவில் இல்லை: ஏழைகளுக்கான கேரளச் சட்ட உதவி விதிகள், 1957. சுதந்திர இந்தியாவில் ஏழைக்குச் சட்ட உதவி என்பதை அரசு விதியாகவே எழுதிய முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று.

அதன் பின்னால் இருந்தவர் சட்ட அமைச்சர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், மலபாரில் வளர்ந்தவர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது விவசாயிகளுக்காகவும் தொழிலாளிகளுக்காகவும் கோர்ட்டில் நின்றார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி 1948ல் அவரை ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். ஏழைக்காகப் பேசியதற்கு உள்ளே போன ஒரு வக்கீல், ஒன்பது ஆண்டு கழித்துச் சட்டத்துறையையும் சிறைத்துறையையும் தம் கையில் வைத்திருக்கிற அமைச்சரானார். கம்பிக்கு உள்ளே இருக்கிறவனுக்கு வக்கீல் எவ்வளவு தூரம் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த அமைச்சரவை 1959 ஜூலை 31ஆம் தேதி கலைக்கப்பட்டது. விதிகள் இருந்தன, அவற்றை ஓட வைக்கிற வேகம் குறைந்தது. ஆனாலும் காகிதத்தில் ஒரு நிலை ஏற்பட்டுவிட்டது: ஏழைக்கு வக்கீல் வைப்பது தர்மமோ மிஷனோ சங்கமோ பார்த்துக்கொள்கிற காரியம் இல்லை, கஜானா பார்க்க வேண்டிய காரியம். கேரளக் கோர்ட் கட்டணச் சட்டத்தின் 76ஆம் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். டிரிப்யூனல்களில் போடும் அப்பீல்களுக்குக் கூடுதலாகச் சிறு கட்டணம் வாங்கி, அதைக் கொண்டு மக்களுக்கான சட்ட உதவிக்கு ஒரு நிதி சேர்க்கலாம் என்கிற பிரிவு அது. வழக்கு நடத்த வசதியுள்ளவர் கட்டுகிற காசில் ஒரு துளி, வசதியில்லாதவருக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கோர்ட் பீஸைக் கண்டாலே கசக்கிற எனக்கு அந்த ஒரு பிரிவு மட்டும் பிடிக்கும்.

அத்தைக்கு இது எதுவும் எட்டவில்லை. அவள் இருந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஆனால் வேறு மாநிலம், வேறு விதி. எங்கள் கேஸ் நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கும், அங்கிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கும் போகும். அவர்கள் கேஸ் குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்கும், அங்கிருந்து அந்த நாளில் சென்னைக்கும் போகும். சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வந்தது 2004ல்தான். ஒரே குடும்பத்துக்குள் அண்ணன் ஒரு சட்ட உதவியின் கீழ், தங்கை எதுவும் இல்லாத வெளியில். எல்லையை வரைந்தவர்கள் மொழியைப் பார்த்தார்கள். நடுவில் நிற்கிற வழக்குகளைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாடு முழுக்க ஒரே விதி வர வேண்டும் என்பதை எம். சி. செடல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் 1958ல் தன் 14ஆம் அறிக்கையில் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதியது. மத்திய அரசு 1960ல் ஒரு திட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. பெரிய அசைவு ஏதும் இல்லை. அறுபதுகள் அப்படியே போயின. எழுபதுகளின் தொடக்கத்தில் குஜராத்தில் மறுபடி ஒரு குழு. இம்முறை தலைவர் பி. என். பகவதி, 1949ஆம் ஆண்டுக் குழுவின் என். எச். பகவதியின் மகன். அப்பா எழுதி வைத்ததை மகன் தொடர வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இந்தக் காரியம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பது புரியும். 1972 அக்டோபரில் மத்திய அரசு கிருஷ்ண ஐயரின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1973 மே மாதம் அறிக்கை வந்தது. கோர்ட்டில் வக்கீல் வைப்பதோடு முடிகிற விஷயமில்லை இது, ஊருக்குள் போய் ஆலோசனை சொல்வதும், வழக்கு வருமுன்னே தடுப்பதும் சேர்ந்ததுதான் சட்ட உதவி என்ற பார்வை அதில் இருந்தது. பிறகு பகவதியும் கிருஷ்ண ஐயரும் சேர்ந்து 1977ல் இன்னொரு அறிக்கை கொடுத்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் சட்டப் புத்தகமே மாறியது. 1973ஆம் ஆண்டின் புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டம், 304ஆம் பிரிவில், செஷன்ஸ் விசாரணையில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்றது. 1976ல் அரசியல் சாசனத்தின் 42ஆம் திருத்தம் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பொருளாதாரக் குறையாலோ வேறு குறையாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. நடைமுறைக்கு வந்தது 1977 ஜனவரி 3. நெருக்கடி நிலைக் காலத்தில், வக்கீல் இருந்தும் பேச முடியாமல் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருந்த நாட்களில் இந்தப் பிரிவு பிறந்தது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் பிரிவு நல்ல பிரிவு.

39ஏ ஒரு வழிகாட்டும் கொள்கைதான். அதைக் காட்டிக் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது. அதற்கு உயிர் கொடுத்தது இரண்டு தீர்ப்புகள். 1978ல் ஹோஸ்கோட் வழக்கு. ஜெயிலில் இருந்தவருக்கு ஹைகோர்ட் தீர்ப்பின் நகல் கைக்குச் சேரவில்லை; அப்பீல் நான்கு ஆண்டுக்கு மேல் தாமதமானது. அப்போது சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த கிருஷ்ண ஐயர், சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுப்பதும், அப்பீலுக்கு வக்கீல் தருவதும் அரசின் கடமை என்றார்; அது தயவு அல்ல, 21ஆம் பிரிவின் உயிருரிமைக்குள் அடங்கியது என்றார். குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த நகல் விஷயத்தின் அருமை முழுதாகத் தெரியும். நகல் கிடைக்காமல் காலம் கடந்து செத்துப்போன அப்பீல்கள் கணக்கில்லை. அடுத்த ஆண்டு, 1979ல், பீகார் ஜெயில்களில் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி ஹுஸைனாரா காத்தூன் வழக்கைக் கொண்டுவந்தார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. பி. என். பகவதியின் தீர்ப்பு அவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1986ல் சுக்தாஸ் வழக்கில் இன்னொரு படி: கைதி கேட்கவில்லை என்று சொல்லி வக்கீல் தராமல் இருக்கக் கூடாது, இப்படி ஓர் உரிமை உனக்கு இருக்கிறது என்று நீதிபதியே சொல்ல வேண்டும்.

1987ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர எட்டு ஆண்டு ஆயிற்று. 1995 நவம்பர் 9. அந்தச் சட்டம்தான் தாலுகா அளவில் குழுக்களைக் கொண்டுவந்தது. நெய்யாற்றின்கரைக்கும் ஒரு தாலுகாக் குழு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர், காவலில் இருப்பவர் என்று 12ஆம் பிரிவு ஒரு வரிசை தருகிறது. அதில் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு எதுவும் இல்லாமலே வருகிறார்கள். அந்த வரியை முதல்முறை படித்தபோது நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பெண் வந்து நின்றால் போதும். காதில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் செய்ய வேண்டியது எங்கள் பகுதியில் மொழி. பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துக்கால் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மலையாளம் காதில் விழும், வாயில் வரும், எழுத வராது. எல்லைக்கு அப்பால் இதற்கு நேர் எதிர்: பேச்சு தமிழ், பீரோவில் இருக்கிற பழைய ஆதாரம் மலையாளம். இரண்டு பக்கத்துத் தாலுகாக் குழுக்களும் இரண்டு மொழியும் தெரிந்த தன்னார்வலர்களை வைத்துக்கொண்டால், முன்னாதாரம் படித்துச் சொல்வதற்கு மட்டும் ஒரு கிழவி காசு கொடுக்க வேண்டியிராது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தேசிய ஒழுங்குமுறையே சட்ட உதவி மனுவை உள்ளூர் மொழியில் கொடுக்கலாம் என்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அங்கே இருப்பவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. குமாஸ்தா வேலையை விட்ட பிறகும் நான் அந்தப் படிவங்களை எழுதிக் கொடுக்கிறேன், தமிழிலும் மலையாளத்திலும். அதில் சட்டிக்கும் பாய்க்கும் தபசில் கிடையாது. பெயர், விலாசம், என்ன பிரச்சினை என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ் உதியன்குளங்கரையில் நிற்கும்.